ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

2025 ஜூன் 3, செவ்வாய் – ஸ்கூடாய், ஜொகூர், மலேசியா

கூரைச் சோலாருக்கான நெம் திட்டத்துக்கு இந்த மாதம் 30ஆம் தேதிதான் கடைசி. பகலில் நம் கூரை கொடுக்கும் மின்சாரத்தை மின் நிறுவனமான டிஎன்பி எடுத்துக்கொண்டு, இரவில் நாம் எடுப்பதில் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளும். பத்து ஆண்டுக்கு ஒப்பந்தம். இப்படி ஒரு திட்டம் இனி வராது என்று ஊரெல்லாம் பேச்சு. என் போனுக்கு ஓய்வே இல்லை. நேற்று மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை, அதற்கும் சேர்த்து இன்று ஓட்டம். பேனல் விற்பது என் வேலை இல்லை. பேனல் ஏறுவதற்கு முன் கூரை தாங்குமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பவன் நான். விற்பனைக்காரர்கள் பலருக்கு என் அறிக்கை ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

காலையில் துன் அமினா தாமான் குடியிருப்பில் இரண்டு மாடி டெரஸ் வீடு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பாலம் கடக்கிற மனிதர், இன்று லீவு போட்டுக் காத்திருந்தார். கையில் ஒரு வண்ணத் தாள். செயற்கைக்கோள் படத்தில் அவர் வீட்டுக் கூரை, அதன்மேல் நீலக் கட்டங்களாக எட்டு பேனல், ஒவ்வொன்றும் 620 வாட். ஒருமுனை இணைப்புக்கு அனுமதி 5 கிலோவாட் வரை, கணக்கு கச்சிதம்.

"எல்லாம் அளந்துட்டாங்க அண்ணே. நீங்க சும்மா ஒரு தடவை பார்த்தா போதும்னாங்க."

மேலிருந்து எடுத்த படத்தில் கூரையின் நீள அகலம் தெரியும், வயது தெரியாது. நான் முதலில் வெளியே ஏணி சாத்துவதில்லை. மேல்மாடிச் சீலிங்கில் சதுரமாக ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து தலையை நுழைப்பேன். டார்ச், நீளத் திருப்புளி, மரத்தின் ஈரம் பார்க்கும் கருவி. இவ்வளவுதான் சாமான்.

இந்த வீட்டு மரத்தில் லேசான பச்சை. செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றிய மரம், கறையான் எளிதில் வாய் வைக்காது. சட்டங்கள் சேரும் இடத்தில் பல் வைத்த இரும்புத் தகடுகளை அழுத்திப் பதித்திருப்பார்கள். நான் தேடுவது அந்தத் தகட்டில் துரு இருக்கிறதா, மரத்தை விட்டு விலகி நிற்கிறதா என்பதை. தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் பலகையைச் சுற்றி இன்னும் கவனம். நம் ஊரில் தொட்டியைக் கூரைக்குள் வைக்கிறோம். மிதவை வால்வு பழுதானால் முதலில் நனைவது அந்த மரம்தான், வீட்டுக்காரருக்குத் தெரிவது ரொம்ப நாள் கழித்து. இங்கே திருப்புளி இறங்கவில்லை. நல்ல மரம்.

எடை கேட்டார். கான்கிரீட் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். பேனலும் அலுமினியச் சட்டமும் சேர்ந்து அதன்மேல் ஏறத்தாழ 15 கிலோ கூடும். நன்றாகச் செய்த டிரஸ்ஸுக்கு இது பெரிய பாரமில்லை. பாரத்தைவிட முக்கியம், பேனலைப் பிடிக்கும் கொக்கி எதன்மேல் உட்காருகிறது என்பது. ஓட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கைமரத்தில் திருகாணி போட்டுக் கொக்கியை இறுக்க வேண்டும். கொக்கி வெளியே வரும் இடத்தில் ஓட்டின் அடி விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கச் சோம்பல்பட்டால் கொக்கி ஓட்டின்மேல் அழுந்தும், ஒரு காற்றில் ஓடு விரியும்.

வெளியே ஏறினேன். ஓட்டில் நடக்க ஒரு முறை உண்டு: ஓட்டின் கீழ்ப்பகுதியில், அடுத்த ஓட்டின்மேல் ஏறி நிற்கும் இடத்தில் மிதிக்க வேண்டும், அங்கேதான் அடியில் சட்டம். நடுவில் மிதித்தால் உடையும். உடன் வந்த தம்பிக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்தது. ஆஸ்ட்ரோ டிவித் தட்டு ஒன்று இடத்தை அடைத்து நிற்கிறது. "பார்க்கிறதே இல்ல, கழட்டிடுங்க" என்றார். சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன் – மாசாய்

எண்பதுகளில் கட்டிய மலிவு விலை வீடு, ஒரு மாடி. வீட்டுக்கார அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. வாசலிலேயே மேலே பார்த்துவிட்டேன். சாம்பல் நிறம், பெரிய அலை, விளிம்பில் பாசி: அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு. ஏணியைக் காரிலிருந்து இறக்கவே இல்லை.

"ஏறிக்கூட பார்க்கலியே தம்பி?"

"ஏறினா நான் உங்க அடுப்படியிலதான் இறங்குவேன் அக்கா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு வெயிலிலும் மழையிலும் நாற்பது வருடம் கிடந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். ஆள் எடை தாங்காது. இன்னொன்று, பேனல் பிடிக்க அதில் துளை போட வேண்டும். துளைக்கும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். தகட்டைத் தொடாமல் விட்டால் பெரிய ஆபத்தில்லை. உடைப்பது, அறுப்பது, துளைப்பதுதான் ஆபத்து. பேனல் மாட்டுவதில் இந்த மூன்றும் உண்டு.

இதே வீட்டுக்கு ஒரு விற்பனைக்காரர் வந்து, வாட்ஸ்அப்பில் கூரைப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "போடலாம் அக்கா, முன்பணம் மட்டும் கட்டுங்க" என்றிருக்கிறார். அக்கா நல்லவேளை கட்டவில்லை.

அறிக்கையில் "தகுதி இல்லை" என்று எழுதினேன். கூரையை மெட்டல் டெக்குக்கு மாற்றிய பிறகு பார்க்கலாம், அஸ்பெஸ்டாஸை இறக்கத் தெரிந்த ஆளை வைத்து, நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று கீழே ஒரு வரி. கிளம்பும்போது மின்சார பில்லைக் கேட்டு வாங்கினேன். மாதம் 250 யூனிட்.

ஜூன் 7, சனி – வீடு

ஹஜ்ஜுப் பெருநாள். ஏணிக்கு ஓய்வு. பக்கத்து வீட்டு மக்சிக் (அத்தை) ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினார்.

ஜொகூருக்கு இந்த வருடம் ஜனவரி 1 முதல்தான் சனி, ஞாயிறு ஓய்வு திரும்பி வந்தது. 2014இலிருந்து வெள்ளி, சனியாக இருந்தது. எனக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை கை பரபரக்கிறது.

உட்கார்ந்து மாசாய் அக்காவின் பில்லைப் போட்டுப் பார்த்தேன். டிஎன்பி வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட் 21.80 காசு, அடுத்த 100 யூனிட் 33.40 காசு. 250 யூனிட்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) 30 காசு. 5 கிலோவாட் போட 20,000 வெள்ளியை ஒட்டி ஆகிறது. அக்காவின் பில் முழுவதும் பூஜ்யமானால்கூட அந்தப் பணம் திரும்ப 27 வருடத்துக்கு மேல் ஆகும்.

ஸ்கூடாய் வீடு 900 யூனிட் எடுக்கிறது. அங்கே 301இலிருந்து 600 வரை 51.60 காசு, அதற்கு மேல் 900 வரை 54.60 காசு. மொத்தம் 395 வெள்ளி 60 காசு. சோலார் மாதம் 500 யூனிட் கொடுத்தால் பில் 128 வெள்ளி 60 காசாக இறங்கும். மிச்சம் 267 வெள்ளி; ஆறேகால் வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். சோலார் முதலில் கழிப்பது மேல்படியில் இருக்கும் விலை கூடிய யூனிட்டை. ஏர்கான் நாலு ஓடும் வீட்டுக்கு லாபம், மூன்று மின்விசிறி ஓடும் வீட்டுக்கு இல்லை. விற்பனைத் தாளில் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

300 யூனிட்டுக்கு மேல் எடுப்பவர் ஒவ்வொருவரும் பில்லில் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குக் கட்டுகிறோம். கூரையில் பேனல் இல்லாதவர் காசும் அந்த நிதியில் இருக்கிறது.

அக்காவுக்குப் போன் போட்டேன். "கூரையை மாத்துங்க, அது உங்க உடம்புக்கு. சோலார் உங்களுக்கு இப்ப வேண்டாம்."

"என் பையன்தான் ஆசைப்பட்டான் தம்பி."

"பையன்கிட்ட கணக்கை அனுப்புறேன் அக்கா."

ஜூன் 11, புதன் – ஜொகூர் பாரு

தோட்டக் காலத்தில் தொடங்கி இப்போது தாமான்களுக்கு நடுவில் நிற்கும் ஓர் அம்மன் கோயில். நிர்வாகத்தார் நாலு பேர், பொருளாளர் கையில் கோப்பு. மகாமண்டபத்தின் மேல் பேனல் போட ஆசை. அகலமான கூரை, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

அங்கேயே நின்று நிழல் பார்த்தோம். கோயில் கிழக்கு பார்த்தது. கிழக்கே ராஜகோபுரம், மேற்கே கருவறை விமானம், நடுவில் மண்டபம். காலை வெயிலில் கோபுர நிழல் மண்டபத்தின் மேல் விழுகிறது, சாயங்காலம் விமான நிழல். இரண்டுக்கும் நடுவில் நல்ல வெயில் சில மணி நேரம்தான். பேனல்களைச் சங்கிலி போலத் தொடராக இணைப்பதால் ஒன்றின்மேல் விழும் நிழல் அந்தத் தொடரில் உள்ள மற்றவற்றையும் இழுக்கும். இதற்குத் தனித்தனிக் கருவி உண்டு, செலவும் உண்டு. நிழலே இல்லாத இடம் இருக்கும்போது எதற்கு?

குருக்கள் அதுவரை பேசாமல் இருந்தார். "மேல ஏறி நடக்கிறவா விமானத்துக்குப் பக்கத்துல காலை வெப்பாளே" என்றார். பொருளாளர் முகம் சுளித்தார், பழங்காலப் பேச்சு என்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேனல் போட்டால் வருடத்துக்கு இரண்டு முறையாவது துடைக்க, பார்க்க ஆள் ஏறத்தான் வேண்டும். மூலஸ்தானத்துக்கு அருகே யார் ஏறலாம், எப்போது ஏறலாம் என்று பிறகு தகராறு வருவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

நான் இன்னொன்று கேட்டேன்: "அடுத்த கும்பாபிஷேகம் எப்ப?" இன்னும் ஐந்து வருடம் என்றார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி. சாரம் கட்டி, கூரை பிரித்து, சுதை வேலை, வர்ணம். மண்டபத்தின் மேல் பேனல் இருந்தால் ஐந்தாம் வருடமே கழற்றி இறக்கி, முடிந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்கிறார்கள். கோயில் கூரைக்கு ஆயுள் பன்னிரண்டு.

அன்னதானக் கூடம் தனியாக, தள்ளி இருக்கிறது. இரும்புச் சட்டம், மெட்டல் டெக், போன வருடம் போட்டது. அதைப் பரிந்துரைத்தேன். பேனலை அங்கே வைத்தால் அடியில் இருக்கும் கூடமும் கொஞ்சம் குளிரும். சமையல்கட்டுப் புகைபோக்கி ஒன்றுதான் தொல்லை. எண்ணெய்ப் புகை படியாத தூரம் விட்டு வரைந்து கொடுத்தேன். குருக்களுக்குத் திருப்தி. எனக்குச் சர்க்கரைப் பொங்கல்.

ஜூன் 13, வெள்ளி

விடிகாலையில் சுமத்ரா காற்று. ஐந்து மணிக்கு மேற்கே இருந்து கருத்து வந்து, அரை மணி நேரம் மரங்களை உலுக்கிவிட்டுப் போனது. மே முதல் செப்டம்பர் வரை இது நமக்கு வழக்கம். மலேசியக் காற்றுச்சுமைத் தரவிதியான எம்எஸ் 1553 வடிவமைப்புக்கு விநாடிக்கு 32.5 முதல் 33.5 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைத்திருக்கிறது, மணிக்கு ஏறத்தாழ 117 முதல் 121 கிலோமீட்டர். எல்லோரும் பேனல் கீழே அழுத்தும் எடையைப் பற்றிக் கேட்கிறார்கள். காற்று அதை மேலே தூக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. கூரை விளிம்பிலும் முகட்டிலும்தான் தூக்கல் அதிகம். அங்கே ஓரடியாவது விட்டுவிட்டு உள்ளே தள்ளி வையுங்கள் என்றால், "ஒரு பேனல் குறையுமே" என்கிறார்கள்.

காலை வேலை ரத்து. நனைந்த ஓட்டில் ஏறுவதில்லை.

ஜூன் 17, செவ்வாய் – ஜொகூர் பாரு

இந்த மாதத்தில் நான் பார்த்த வீடுகளில் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய வீடு இது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2012இலேயே சோலார் போட்டவர். அப்போது நெம் கிடையாது, கூரை கொடுக்கும் மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்கும் ஃபிட் இருந்தது. 2011ஆம் ஆண்டு சட்டம் வந்து, செடா என்ற அமைப்பு உருவாகி, அந்த டிசம்பரில் தொடங்கிய திட்டம். 4 கிலோவாட் வரை போடும் வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு அடிப்படை விலை 1 வெள்ளி 23 காசு, 21 ஆண்டுக்கு. சாருடைய ஒப்பந்தம் 2033 வரை ஓடும். நாளுக்கு 12, 13 யூனிட், 15 வெள்ளியை ஒட்டி வரும். "என் பென்ஷனுக்குத் தம்பி இது" என்பார். வாங்கிய கடனை அடைத்து வருடக்கணக்காகிறது.

இப்போது பிரச்சினை சீலிங்கில் பழுப்பு வளையம். முதலில் ஒரு தட்டளவு, பிறகு ஒரு தாம்பாளம் அளவு.

உள்ளே ஏறினேன். முசாங் (மரநாய்) ஒன்று குடித்தனம் செய்துவிட்டுப் போன வாடை. ஓட்டுக்கு அடியில் விரித்த அலுமினியத் தாள் பல இடங்களில் கிழிந்து தொங்குகிறது. பேனலுக்கு நேர் கீழே, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களில் திருப்புளி அரை அங்குலம் இறங்கியது. கைமரம் இன்னும் உறுதி, அதுவரை நல்லது. வெளியே போய் ஓரத்துப் பேனலின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததும் கதை புரிந்தது. கொக்கி ஓட்டின்மேல் நேராக அழுந்தியிருக்கிறது, தேய்க்கவே இல்லை. வரிசையாக ஓடுகள் விரிந்திருக்கின்றன. பேனல் குடை பிடித்ததால் நேர் மழை விழவில்லை. மேலிருந்து வழிந்து வந்த தண்ணீர் மட்டும் விரிசலில் மெல்ல இறங்கி, வெயில் படாமல் காயாமல் மரத்தில் ஊறியிருக்கிறது. மைனா கூட்டுக் குப்பை தண்ணீரைத் தேக்கி வைத்தது.

பேனல்? அதற்கு ஒரு குறையும் இல்லை. வருடத்துக்கு அரை விழுக்காடு போல உற்பத்தி குறைவது இயல்பு. சாருடைய இன்வெர்ட்டர் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது.

"அப்ப ஓட்டை மட்டும் மாத்திடலாமா?"

"பேனலை இறக்காம ஓட்டைத் தொட முடியாது சார்."

250 வாட் பேனல்கள், 16. எல்லாவற்றையும் உரிமம் உள்ள வயர்மேன் துண்டித்து, இறக்கி, அடுக்கி வைத்து, குறுக்குச் சட்டம், தாள், ஓடு மாற்றி, புதிய கொக்கி போட்டு, மறுபடி ஏற்றி, சோதித்து இணைக்க வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் வருமானம் போவது சின்னக் காசு. இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. 2012இல் போட்டவர்கள் சீலிங் மூடியை ஒருமுறை திறந்து, கொக்கியைச் சரியாகப் பதித்திருந்தால் இந்தச் செலவே இல்லை. போட்ட நிறுவனம் இப்போது இல்லை. பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதத் தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கூரைக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

சார் கணக்கு ஆசிரியர். ஒரு தாள் எடுத்து, 2033 வரை மீதமிருக்கும் வருமானத்தையும் செலவையும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டார். "செஞ்சிடலாம்" என்றார். கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. ஒன்று இருபத்து மூன்று என்ற விலை இன்று யாருக்கும் கிடைக்காது.

ஜூன் 20, வெள்ளி – பாசீர் கூடாங்

தொழிற்சாலைக் கூரை. மெட்டல் டெக், பரந்த வெளி. மடிப்பு உயர்ந்து நிற்கும் வகைத் தகடு என்றால் துளையே இல்லாமல் மடிப்பைக் கவ்வும் கிளாம்ப் போதும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கூரை கிடையாது. ஆனால் இது கடல் காற்றும் ஆலைப் புகையும் சேர்ந்து அடிக்கும் ஊர். தகட்டின் வெட்டு விளிம்பிலும் திருகாணித் தலையிலும் துரு. பத்து வருடம் தாங்கும், இருபத்தைந்து தாங்காது. முதலாளியிடம் அப்படியே சொன்னேன்.

எனக்குப் பயம் துருவைப் பற்றி இல்லை, வெளிச்சத்துக்காக நடுநடுவே பதித்த கண்ணாடி இழைத் தகட்டைப் பற்றி. புதிதில் ஒளி ஊடுருவும். நாளாக நாளாக அழுக்கேறி இரும்புத் தகட்டின் நிறத்துக்கே வந்துவிடும். மேலே நடப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. காலை வைத்தால் நேராக இயந்திரத்தின் மேல். உலகம் முழுவதும் கூரை வேலைக்காரர்கள் சாவது விளிம்பில் தவறி விழுந்து மட்டும் அல்ல, இப்படி ஊடுருவி விழுந்தும்தான். முதலில் உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்து வெளிச்சத் தகடு எங்கெங்கே என்று வரைந்துகொண்டு, பிறகுதான் ஏறினோம். தம்பி இடுப்புக் கயிற்றை மாட்டாமல் கிளம்பினான். கீழே இறக்கி உட்கார வைத்துவிட்டேன். மத்தியானம் வரை பேசவில்லை என்னோடு.

ஒரு மணிக்குத் தகட்டைத் தொட முடியவில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணியை ஒட்டித்தான். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரியில் அளந்தது. இந்த வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 விழுக்காடு போல இழப்பு என்றால் எட்டில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவே காற்று புக இடைவெளி விடச் சொல்வது இதற்காக.

நாளை சூரியன் வடகோடியில். சென்னையிலிருந்து மைத்துனர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார், "மாமா, தெற்கு பார்த்துத்தான் வைக்கணும்." அவருக்கு அங்கே பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைத்த உற்சாகம். சென்னை 13 பாகையில் இருக்கிறது, அவருக்கு அது சரி. நாம் ஒன்றரைப் பாகையில் இருக்கிறோம். ஜூனில் வெயில் வடக்கிலிருந்து, டிசம்பரில் தெற்கிலிருந்து. வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் எங்களுக்கு ஏறத்தாழ ஒன்று. திசையைவிட நிழல்தான் எங்களுக்குப் பெரிய கேள்வி. அழுக்கை மழை கழுவிக்கொண்டு போகப் பத்து டிகிரி சாய்வு இருந்தால் நல்லது.

ஜூன் 25, புதன் – கூலாய்

விற்பனைக்காரரோடு சண்டை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

செமி-டி (இரட்டை) வீடு. வெளியே புது வர்ணம், உள்ளே சீலிங் மூடியைத் திறந்ததும் மண் கோடுகள். சுவரேறி, உத்திரத்தின் அடிப்பக்கமாக, நூல் பிடித்ததுபோல் கறையான் பாதை. உத்திரத்தைத் தட்டினேன், பொள்ளல் சத்தம். திருப்புளி பிடி வரை போனது. எழுதியாயிற்று: மருந்தடித்து, உத்திரம் மாற்றி, பிறகு வா.

ஒரு மணி நேரத்தில் போன். "அண்ணே, இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. நீங்க ஓகே போடுங்க, விண்ணப்பம் உள்ள போகட்டும். மரத்தை அப்புறமா பார்த்துக்கலாம்லா."

"அப்புறமா யார் பார்ப்பா?"

"வீட்டுக்காரர்தான்."

"அப்ப அதை அவர்கிட்ட நீயே சொல்லு. தமிழ்லயும் சொல்லு, எழுதியும் கொடு."

வைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, கமிஷன் பையன். அவனுக்கு மேலே இருப்பவர்கள் தேதியைக் காட்டி அவனை விரட்டுகிறார்கள், அவன் என்னை விரட்டுகிறான். திட்டத்துக்குக் கடைசித் தேதி போடுவதில் தப்பில்லை. கூரைக்கு அந்தத் தேதி தெரியாது, அதுதான் சங்கடம்.

வரும் வழியில் செடெனாக் பக்கம் தரவு மையங்கள், கோட்டை மாதிரி. அப்படி ஒன்று 100 மெகாவாட் கேட்டால் 5 கிலோவாட் வீட்டுக் கூரை 20,000 சேர வேண்டும், அதுவும் நல்ல வெயில் நேரத்துக்கு மட்டும்.

ஜூன் 30, திங்கள்

கடைசி நாள். காலையிலிருந்து அழைப்பு, எல்லாம் "இன்னிக்கே பார்த்துட முடியுமா" வகை. மூன்று வீடு பார்த்தேன், மற்றவர்களுக்கு முடியாது என்றேன்.

நாளை முதல் டிஎன்பி கட்டணமும் மாறுகிறது. நான் அன்று போட்ட 21.80, 33.40 படிக்கட்டுகள் போய், மின்னாற்றல், கொள்ளளவு, வலையமைப்பு என்று பில் பிரிந்து வரும். வண்ணத் தாள்களை எல்லாம் புதிதாக அச்சடிப்பார்கள்.

ஸ்கூடாய்க்காரர் விண்ணப்பம் போய்விட்டது. கூலாய்க்காரர் போகவில்லை; விற்பனைக்காரரைவிட என்மேல் அவருக்குக் கோபம்.

2026 ஜனவரி 10, சனி – மாசாய்

புதுத் திட்டம் வந்துவிட்டது. சோலார் அடாப், ஜனவரி 1 முதல். பகலில் அனுப்பும் உபரிக்கு அந்த மாத பில்லிலேயே கழிவு. மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்கு வராது. ஆக, கூரையில் இடமிருக்கிறதே என்று பேனலை நிரப்பிக்கொள்வதில் பயனில்லை. பில்லைப் பார்த்து அளவு போட வேண்டும். இனி வராது என்று ஜூனில் சொன்னவர்களே இப்போது இதை விற்கிறார்கள்.

கூலாய்க்காரர் கூப்பிட்டிருந்தார். உத்திரம் மாற்றியாயிற்றாம், வந்து பார்க்கச் சொன்னார். கோபம் இல்லை.

மாசாய் அக்கா வீட்டில் புதுக் கூரை. அஸ்பெஸ்டாஸ் இறங்கி, வெளிர்நிற மெட்டல் டெக், அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு. சோலார் போடவில்லை. "மத்தியானம் படுக்க முடியுது தம்பி" என்றார். அவர் தாமான் வாட்ஸ்அப் குழுவில் சோலார் விற்பனைக்காரர்கள் மறுபடி சுற்றுகிறார்களாம். என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். அனுப்பியது இது:

"உங்கள் கூரை எந்த ஆண்டுக் கூரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அஸ்பெஸ்டாஸ் என்றால் யாரையும் ஏற விடாதீர்கள், துளைக்க விடாதீர்கள். கடந்த ஆறு மாத பில்லை எடுத்து வையுங்கள். 300 யூனிட்டுக்குக் கீழே என்றால் அவசரமே இல்லை. கொக்கி எதில் இறங்கும், ஓட்டிலா மரத்திலா என்று கேளுங்கள். ஒழுகினால் இறக்கி ஏற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பார்க்க வருகிறவர் உங்கள் வீட்டுச் சீலிங் மூடியைத் திறந்து உள்ளே ஏறவில்லை என்றால், எந்தத் தேதியைச் சொன்னாலும் முன்பணம் கட்டாதீர்கள்."